70 ரூபாய் ரேடியோ

(ஜி.டி. நாயுடு – ஒரு வாழ்க்கைக் குறிப்பு)



நம்ம மதுரைச் சீமையில் மைக் செட் இல்லாத விசேஷம் உண்டா? கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, புதுமனை புகுவிழா, எதுவானாலும் விடிகாலையிலேயே பாட்டு ஊர் எல்லையைத் தாண்டிவிடும். இன்றைய ஆம்ப்ளிஃபயருக்குள் இருப்பது டிரான்சிஸ்டரும் ஐ.சி.யும்தான். தாத்தா காலத்து மைக் செட் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வரிசையாகக் கண்ணாடி வால்வுகள் நிற்கும். சுவிட்சைப் போட்டவுடனே சத்தம் வராது. இழை சூடேறி, லேசாகச் செவ்வொளி பரவி, அதற்கப்புறம்தான் குழாய் ஸ்பீக்கர் வாயைத் திறக்கும்.

அந்த வால்வு மீது நம்ம பசங்க சிலருக்கு இப்போது மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய ரேடியோ, மைக் செட்காரர் ஒதுக்கிப் போட்ட டிரான்ஸ்ஃபார்மர், இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிய தகடு என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து, ஒரு சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். அனுபவம் கிடையாது. கையில் காசும் குறைச்சல். இருப்பது ஆசையும் ஒரு சால்டரிங் அயர்னும்தான்.

இப்படிக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் ஒருவர் நம்ம தமிழ்நாட்டிலேயே வாழ்ந்திருக்கிறார். அஞ்சு வால்வு ரேடியோ ஒன்றை வெறும் 70 ரூபாய்க்குச் செய்து கொடுக்க முடியும் என்று 1941-ல் அறிவித்தவர் அவர். இத்தனைக்கும் அவருக்கு இன்ஜினியரிங் பட்டம் கிடையாது, டிப்ளமோ கிடையாது, பள்ளிக்கூடப் படிப்பே முழுசாகக் கிடையாது. கோவை ஜி.டி. நாயுடுதான் அவர். இந்தியாவின் எடிசன் என்று அவரைச் சொல்வார்கள். பட்டப்பெயர் நமக்குத் தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலை எத்தனை பேருக்குத் தெரியும்?

களங்கல் கிராமத்துப் பையன்

கோவை மாவட்டம் சூலூர் பக்கத்தில் களங்கல் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893 மார்ச் 23-ம் தேதி பிறந்தவர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. அவர் பிறந்த காலத்தில் உலகத்தில் எங்குமே வால்வு என்ற பொருள் கிடையாது. இங்கிலாந்தில் ஃபிளெமிங் இரண்டு மின்முனை கொண்ட வால்வைச் செய்தது 1904-ல். அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் ஒரு கம்பி வலையைச் சேர்த்து டிரையோடைச் செய்தது 1906-ல். அப்போது நம்ம ஆளுக்கு வயது 13. ஆக, வால்வும் இவரும் சேர்ந்தே வளர்ந்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

படிப்பில் அவருக்கு மனம் போகவில்லை. வாத்தியார் மேல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. எப்படியோ, ஆரம்ப வகுப்புகளோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்கப்புறம் தோட்டத்து வேலை. அப்படியே இருந்திருந்தால் களங்கலில் ஒரு விவசாயியாகவே அவர் வாழ்ந்து முடித்திருப்பார். அதை மாற்றியது ஒரு மோட்டார் சைக்கிள்.

மோட்டார் சைக்கிள்தான் முதல் வகுப்பு

அந்தப் பக்கத்துக்கு வந்த வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைப் பார்த்ததும் வாலிபர் துரைசாமிக்குத் தூக்கம் போய்விட்டது. அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். காசுக்கு எங்கே போவது? கோயம்புத்தூருக்கு நடையைக் கட்டினார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். டம்ளர் எடுத்து, மேசை துடைத்து, சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்து, போதுமான காசு சேர்ந்ததும் அந்த வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியை என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். வேறு யாராக இருந்தாலும் ஊருக்குள் நாலு சுற்றுச் சுற்றி வந்திருப்பார்கள். இவர் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். பிறகு திரும்பப் பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. படித்துப் பார்க்கப் புத்தகமும் இல்லை. எந்தப் பாகம் எதோடு சேர்கிறது, அதை எடுத்துவிட்டால் எது நிற்கிறது என்று கையாலேயே கற்றுக்கொண்டார். பிரிப்பது எல்லோருக்கும் வரும். பூட்டியபின் மிச்சமாக ஒரு திருகாணி கையில் நிற்கும் பாருங்கள், அங்கேதான் நம்ம அறிவு எவ்வளவு என்று தெரியும்! அவர் பூட்டிய வண்டி ஓடியது. அந்த நாளிலிருந்து அவர் ஒரு மெக்கானிக்.

பொள்ளாச்சி – பழநி

இடையில் வியாபாரமும் செய்து பார்த்தார். முதல் உலகப் போர் சமயத்தில் திருப்பூரில் பஞ்சு வியாபாரம் கைகொடுத்தது. அந்த லாபத்தை எடுத்துக்கொண்டு பம்பாய் பஞ்சுச் சந்தையில் இறங்கினார். போனது எல்லாம் போனது. வெறும் கையோடு திரும்பி வந்தவருக்குக் கை கொடுத்தவர் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். ஸ்டேன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த பழக்கத்தில், கடன் உதவியும் கிடைத்தது. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே!

இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. பழநி அன்றைக்கு மதுரை ஜில்லாவில் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். ஆகவே நாயுடுவின் முதல் பஸ் ஓடிவந்து நின்ற இடம் நம்ம பழைய மதுரை ஜில்லா மண்.

அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யூ.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நல்ல பராமரிப்புக்கும் நேரம் தவறாமைக்கும் அந்தப் பஸ்கள் பேர் வாங்கின. அடுத்தவன் ஒர்க்ஷாப்பை நம்பாமல் பழுது பார்க்கும் வேலையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். பஸ் ஓட்டிய காசுதான் பிற்பாடு அவருடைய எல்லா ஆராய்ச்சிக்கும் மூலதனம்.

மோட்டாரும் சவரக் கருவியும்

1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்ததும் கோவைக்குக் கரண்ட் தாராளமாக வந்தது. மில்கள் பெருகின. மில்லுக்கு மோட்டார் வேண்டும், கிணற்றுக்கும் மோட்டார் வேண்டும். எல்லாம் சீமையிலிருந்துதான் வந்தன. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டில் மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் அதுதான் என்று சொல்லப்படுகிறது. இன்றைக்குக் கோவை என்றால் பம்ப் செட் என்று நாடே சொல்கிறதே, அதற்கு அஸ்திவாரம் அங்கே விழுந்தது.

வெளிநாடுகளுக்கும் நிறையப் போய்வந்தார். எங்கே போனாலும் கேமராவும் கையுமாகத்தான் போவார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தார். கடைகளில் பார்த்த பொருள்களை வாங்கிவந்து பிரித்துப் பார்ப்பது அவர் பழக்கம். பேட்டரி செல்லில் ஓடும் சின்ன மோட்டாரை வைத்து ரேசன்ட் என்ற மின்சார சவரக் கருவியைச் செய்தார். மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம், கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி என்று பட்டியல் நீளும். தோட்டத்தையும் விடவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் சோதனை செய்தார். சர் சி.வி. ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அவர் தோட்டத்தைப் போய்ப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு துறையிலும் அவர் புதுசாக நுழைந்தவர்தான் என்பதைக் கவனியுங்கள். பஸ்ஸில் கற்றது மோட்டாருக்கு உதவியது, மோட்டாரில் கற்றது சவரக் கருவிக்கு உதவியது. ரேடியோவுக்கு வந்தபோதும் அப்படித்தான்.

அஞ்சு வால்வு, அஞ்சு வேலை

ரேடியோ நம்ம மாகாணத்துக்கு வந்த கதையையும் இரண்டு வரியில் பார்த்துவிடுவோம். 1924-ல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஆரம்பமாகி, ஜூலை 31-ல் ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் 1927-ல் நின்றது. அதற்கப்புறம் சென்னை மாநகராட்சி 1930-லிருந்து ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-லும், திருச்சி நிலையம் 1939 மே 16-லும் வந்தன. திருச்சி வந்தபின்தான் நம்ம மதுரைப் பக்கத்தில் ரேடியோ வைத்திருந்தவர்களுக்குக் கிட்டத்திலேயே ஒரு தமிழ் நிலையம் கிடைத்தது.

நிலையம் வந்துவிட்டது, கேட்க ரேடியோ வேண்டுமே! செட் எல்லாம் கப்பலில் வந்த சரக்கு. பணக்காரர் வீட்டுக் கூடத்தில் மட்டும்தான் இருக்கும். வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் அஞ்சலகத்தில் லைசென்ஸ் பணமும் கட்ட வேண்டும். அந்த வழக்கம் 1980-கள் வரை இருந்தது. இந்தச் சூழ்நிலையில்தான் 1941-ல் நாயுடு அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார்.

அஞ்சு வால்வு என்றால் என்ன கணக்கு? ஆம்ஸ்ட்ராங் 1918-ல் கண்டுபிடித்த சூப்பர்ஹெட் முறையில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு வேலை. முதல் வால்வு அதிர்வெண்ணை மாற்றும். 900 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தைப் பிடிக்க வேண்டும் என்றால், ரேடியோவுக்குள்ளேயே 1355 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையை உண்டாக்கி இரண்டையும் கலக்கும். வித்தியாசம் 455 கிலோஹெர்ட்ஸ். இரண்டாவது வால்வு அந்த 455-ஐ மட்டும் பெருக்கும். மூன்றாவது வால்வு அதிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்துக் கொஞ்சம் பெருக்கும். நாலாவது வால்வு ஸ்பீக்கரை ஆட்டும் அளவுக்குச் சக்தி கொடுக்கும். அஞ்சாவது வால்வு ஏ.சி. கரண்டை டி.சி.யாக மாற்றி மற்ற நாலுக்கும் சோறு போடும். ஒன்றைக் குறைத்தால் ரேடியோ தடுமாறும். ஒன்றைக் கூட்டினால் விலை ஏறும். அதனாலேதான் உலகம் முழுக்க அஞ்சு வால்வு செட் நடுத்தர வீட்டு செட்டாக நிலைத்தது.

கடைசி மூன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். சத்தத்தைப் பெருக்கும் வால்வு, சக்தி கொடுக்கும் வால்வு, டி.சி. கொடுக்கும் வால்வு. அட, நம்ம பசங்க கட்டக் கிளம்பியிருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் அதுதானே!

விலை எங்கே இருக்கிறது?

ஒரு பொருளின் விலையைக் குறைக்க வேண்டும் என்றால், முதலில் அதைப் பிரித்துப் போட வேண்டும். ரேடியோவைப் பிரித்தால் பாகங்கள் இரண்டு கூட்டமாக விழும். தகரச் சேஸிஸ், காயில், டிரான்ஸ்ஃபார்மர், மரப்பெட்டி, இவையெல்லாம் உள்ளூர் ஒர்க்ஷாப்பிலேயே செய்யக்கூடியவை. மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றத் தெரிந்த கோவைக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது பெரிய காரியமா? வால்வு மட்டும் வேறு கதை. கண்ணாடிக்குள் வெற்றிடம் உண்டாக்கி, மயிரிழை போன்ற கம்பியைத் துல்லியமாக நிறுத்த வேண்டும். அதற்குத் தனித் தொழிற்சாலை வேண்டும். இந்தியாவில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வு தயாரிக்க ஆரம்பித்தது 1961-ல். நாயுடு அறிவித்ததற்கு 20 வருஷம் கழித்து! 1941-ல் வால்வு கப்பலில்தான் வர வேண்டும், கடலிலோ உலகப் போர்.

அமெரிக்காக்காரர்களும் அதே சமயத்தில் விலையைக் குறைத்தார்கள். அங்கே இருப்பது 110 வோல்ட் சொச்சம் கரண்ட். அஞ்சு வால்வின் இழைகளையும் சீரியலாகக் கோர்த்தார்கள். மூன்று வால்வுக்குத் தலா 12.6 வோல்ட், ஒன்றுக்கு 50, ஒன்றுக்கு 35. கூட்டிப் பாருங்கள், 122.8 வோல்ட் வருகிறது. அப்படியே சுவரில் உள்ள பிளக்கில் சொருகிவிடலாம், பவர் டிரான்ஸ்ஃபார்மர் தேவையே இல்லை! பெரிய செலவு மிச்சம். ஆனால் சேஸிஸும் கரண்டும் ஒட்டி உறவாடும். பிளக்கைத் திருப்பிச் சொருகிவிட்டு உலோகப் பகுதியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். விலையைக் குறைக்கும்போது எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்ற புத்தி வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நாயுடு சொன்ன 70 ரூபாய், கையால் வேலை தெரிந்த ஒருவர் போட்ட கணக்கு. இருந்தாலும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அந்த 70 ரூபாய் ரேடியோ பாடும் நிலை வரவில்லை. நம்ம கிராமத்து டீக்கடைக்கும் வயக்காட்டுக்கும் ரேடியோ தாராளமாக வந்து சேர்ந்தது டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான். ஒரு மனிதனுடைய திறமை மட்டும் போதாது நண்பர்களே! பாகம் கிடைக்க வேண்டும், அரசாங்கம் அனுமதி தர வேண்டும், வேலை தெரிந்த ஆட்கள் ஒருவர் இல்லாவிட்டால் ஆயிரம் பேர் வேண்டும். அந்த ஆயிரம் பேரை உண்டாக்குவதில்தான் அடுத்து அவர் இறங்கினார்.

ஹோப் காலேஜ்

1944-ல் பஸ் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பணத்தைக் கொடுக்க ஆரம்பித்தார். 1945-ல் அவர் கொடுத்த நன்கொடையில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் பிறந்தன. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி இடம் மாறிவிட்டது, பேர் மாறவில்லை. கோவை அவிநாசி ரோட்டில் பஸ் கண்டக்டர் இன்றைக்கும் ஹோப் காலேஜ் என்று குரல் கொடுத்து ஆளை இறக்குகிறார்!

பள்ளிப் படிப்பை முடிக்காத மனிதர் அந்தக் கல்லூரிக்கு முதல்வராகவே உட்கார்ந்தார். அங்கேதான் ஒரு சண்டை வந்தது. பொறியியலுக்கு நாலு வருஷம் எதற்கு, நேரத்தை வீணாக்காமல் பட்டறையிலேயே நிற்க வைத்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார்.

இதில் யார் சொன்னது சரி? அவர் கேட்டது 2 வருஷம், அரசாங்கம் சொன்னது 4 வருஷம். நம்ம டிப்ளமோ நடுவில் 3 வருஷமாக நிற்கிறது. கணக்கும் தியரியும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் மூன்று வருஷத்தில் மூன்று பொருளையாவது நம்ம கையால் முழுசாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறோமா? ரெக்கார்டு நோட்டில் சர்க்யூட் படம் வரைந்து கையெழுத்து வாங்கியதோடு எத்தனை சோதனைகள் முடிந்துபோகின்றன? நாயுடு சண்டை போட்டது வருஷக் கணக்குக்காக அல்ல, இந்தக் கேள்விக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

2000 ரூபாய் கார்

சும்மா இருக்கிற ஆளா அவர்? 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2000 ரூபாய். தயாரிப்பதற்கு அரசாங்கம் லைசென்ஸ் தர மறுத்தது. கார் அதோடு நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் கல்லூரிச் சண்டை, சொந்த அரசாங்கம் வந்த பிறகு கார் சண்டை. ரேடியோவிலும் காரிலும் ஒரே கதைதான். பொருள் அவர் கைக்கு வசப்பட்டது, ஜனங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

இதைப் படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால் அவர் முடங்கிப் போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கோவையில் தொழிற் கண்காட்சி அமைத்து, தான் செய்த பொருள்களையும் உலகமெல்லாம் சுற்றிச் சேர்த்த பொருள்களையும் பையன்கள் வந்து பார்க்கும்படி வைத்தார். 1974 ஜனவரி 4-ம் தேதி, தம் 80-வது வயதில் காலமானார். அந்தக் கண்காட்சி அவிநாசி ரோட்டில் நிற்கிறது. அதே ரோட்டில் 2025-ல் திறக்கப்பட்ட, சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நம்ம கைக்கு என்ன வேலை?

மேம்பாலத்துக்குப் பேர் வைப்பது அரசாங்கத்தின் வேலை. நம்ம வேலை என்ன? அவர் வழியில் ஒரு பொருளைப் பிரித்துப் பூட்டுவது. வால்வு ஆம்ப்ளிஃபயர் அதற்கு ரொம்பப் பொருத்தம். ஐ.சி.க்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. வால்வில் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், மீட்டரை வைத்து அளக்கலாம்.

ஆரம்பிப்பவருக்கு மூன்று வால்வு போதும். முதலில் இ.சி.சி.83, அடுத்து சக்திக்கு இ.எல்.84, டி.சி.க்கு இ.இசட்.80. மூன்றுக்கும் இழை வோல்டேஜ் 6.3-தான். இ.எல்.84 ஒன்றிலிருந்து 250 வோல்ட்டில் சுமார் 5 வாட் வரும். ஒரு ஹாலுக்குத் தாராளம். பழைய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்ட வால்வு பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் தேடினால் கிடைக்கலாம். புது வால்வு இப்போது ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா பக்கத்திலிருந்து வருகிறது.

நாயுடு முறைப்படி பாகங்களை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். வால்வும் கண்டென்சரும் வாங்க வேண்டியவை. சேஸிஸ் நம்ம ஒர்க்ஷாப்பிலேயே வெட்டி, வளைத்து, துளை போடலாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை நாமே சுற்றலாம். வால்வு கேட்பது 5000 ஓம் சுமை, ஸ்பீக்கரோ 8 ஓம். 5000-ஐ 8-ஆல் வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஆகவே முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் 25-க்கு 1 விகிதம். வகுப்பில் படித்த இம்பீடன்ஸ் மேட்சிங் இதுதான்! ஒரே வால்வில் டி.சி. கரண்ட் ஒரே திசையில் ஓடுவதால் இரும்புக் கோர் நிறைவடைந்துவிடாமல் இருக்க, நடுவில் ஒரு காகிதம் வைத்துச் சின்ன இடைவெளி விட வேண்டும். மைக் செட் பழுது பார்க்கும் பெரியவர்களைக் கேளுங்கள், ஃபார்முலா சொல்லாமலே காகித கனத்தைச் சொல்வார்கள்.

பழைய கண்டென்சரை நம்பவே நம்பாதீர்கள், உலர்ந்துபோயிருக்கும். புதுசாகப் போடுங்கள். முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது மெயின்ஸில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியலாகப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பும்.

இன்னொன்று, இதுதான் மிக முக்கியம். உள்ளே 250 முதல் 300 வோல்ட் டி.சி. நிற்கும். சுவிட்சை அணைத்தபிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். 47 மைக்ரோஃபாரட் கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால், நேர மாறிலி சுமார் 10 விநாடி. அதில் அஞ்சு மடங்கு, அதாவது 50 விநாடியாவது காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்தபிறகே கையை விடுங்கள். கண்டென்சர் இரண்டு என்றால் நேரமும் இரட்டிப்பு. தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஆய்வகத்தில், லெக்சரர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

நண்பர்களே! டிப்ளமோதானே என்று நம்மைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. நம்மிலேயே சிலர் அப்படி நினைத்துக் குனிந்து நடக்கிறோம். ஓட்டலில் மேசை துடைத்துக் காசு சேர்த்தவர், அதைக் கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியவர், பிற்காலத்தில் நம்மைப் போன்றவர்களுக்காக ஒரு பாலிடெக்னிக்கையே கட்டினார். அவர் சொன்ன 70 ரூபாய்க்கு இன்று ஒரு வால்வுகூடக் கிடைக்காது. ஆனால் அந்த விலைக்குப் பின்னால் இருந்த கணக்கு நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, முடிந்ததை நம்ம கையால் செய்வோம், முடியாததை மட்டும் காசு கொடுத்து வாங்குவோம். அடுத்த வருஷக் கண்காட்சியில் நம்ம துறை மேசை மீது, நம்ம பசங்க சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரோடு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் பாடட்டும்!

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை